துண்டுக்குள் விலை

— அப்ப அந்தத் துண்ட எடுக்கவே மாட்டீங்க, அப்படித்தானே கய்யூம் பாய்?

— மாட்டேன். எங்க வாப்பா தோள்ல கிடந்த துண்டு, என் தோள்லயும் கிடக்கும். நீ கத்திரிக்கா எடுக்க வந்தியா பூங்காவனம், சண்டை எடுக்க வந்தியா?

— கத்திரிக்காய நான் எங்க எடுக்குறது? எனக்காகப் பேரம் பேசுற ஆளு வெள்ளிக்கிழமை பஸ் ஏறுது. என் கொழுந்தன் பொன்னுதுரைக்கு சிங்கப்பூர் நேவல் பேஸ்ல வேலை கெடைச்சிருச்சு. இனி உங்க துண்டுக்குள்ள கைய விட எனக்கு யாரு இருக்கா?

— வேற ஆளப் பாரு.

— யாரப் பாக்குறது? வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் அவரு பேசினாரு. அவரு போனப்புறம் தம்பி பேசினான். நானே பேச வந்தா என்ன பண்ணுவீங்க? மத்த ஆம்பளைங்ககிட்டப் பேசுற மாதிரி துண்டுக்கு அடியில என் கையப் புடிச்சு, ஒரு விரல அமுக்கினா பத்துக் காசு, முழுக்கைய அமுக்கினா அம்பது காசுன்னு பேசுவீங்களா?

— அஸ்தஃபிருல்லா. என்ன பேச்சு பேசுற நீ.

— பேச மாட்டீங்கல்ல? நானும் நீட்ட மாட்டேன். அதான் கேக்குறேன். மொத்தக் கடைக்காரங்க எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க, ஞாயித்துக்கிழமைலேந்து அவங்கவங்க கடை வாசல்ல பலகை மாட்டி அன்னன்னி விலைய எழுதிப் போடுறதுன்னு. ஆம்பள பொம்பள யாரு வேணா படிச்சுப் பாத்து வாங்கலாம். சனிக்கிழமை மலாய் நாட்டுக்கு சுதந்திரம், மறுநாள் கத்திரிக்காய்க்கு சுதந்திரம்னு பாசாரே சிரிக்குது. முடியாதுன்னு நிக்கிறது இந்தக் காஜா பேராங் தெருவுல உங்க கிட்டங்கிக் கடை ஒண்ணுதான்.

— பலகையில எழுத இது என்ன பஸ் டிக்கெட்டா? காய்கறி விலை விடிய ஒண்ணு, வெயில் ஏறினா ஒண்ணு. ஆடியில கல்யாணம் காட்சி கெடையாது, வாழை இலைய மாடு திங்கும். ஆவணி பொறந்தா அதே இலைக்கு அடிச்சுக்குவாங்க. டுரியான் பழம் விழ ஆரம்பிச்சா சனம் மடியில இருக்கிறதெல்லாம் டுரியானுக்குப் போட்டுரும், என் வெண்டிக்கா கூடையோட வதங்கும். சீனவங்க ஏழாம் மாசப் படையல் போடுவாங்க, செட்டிக் கம்பத்துக் குடியிருப்புல முன்னோருக்குப் பழம் படைப்பாங்க, அப்பல்லாம் பழம் ஏறும். முடிஞ்ச மறுநாள் எறங்கும். இது விரல்ல பேசுற கணக்கும்மா. வெண்கட்டியால எழுதுற கணக்கு இல்ல, வெளங்குதா?

— வெளங்குது பாய். புரட்டாசி பொறந்தா மீனும் கறியும் விழுந்து நம்ம காய் ஏறும், அதுவும் வெளங்குது. இந்த வாரம் சுதந்திர வளைவு கட்டுறதுக்கு மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க எல்லாரும் குலையோட வாழை மரம் தேடுறாங்க, அதனால பழம் ஏறிக் கெடக்கு. சனிக்கிழமை போனா விழும். விழுந்தா அழிச்சுட்டு எழுதுங்க. அதுக்குத்தானே வெண்கட்டி.

— எதிர்க்கடைக் கருணாகரன் உனக்கு நல்லாச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான். அவன் கடைக்கே போயேன்.

— போகச் சொல்லாதீங்க. ரோட்டோரம் காய் விக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் ஞாயித்துக்கிழமைலேந்து கருணாகரன் கடைக்குத்தான் போறதாப் பேசி வச்சிருக்காங்க. கமலவேணி நேத்தே போயிட்டா. நான்தான் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்னு வந்தேன். நீங்க மாட்டேன்னா நானும் போகத்தான் வேணும். காய் எடுக்கலன்னா கடை இல்ல, கடை இல்லன்னா என் மக பாக்கியலட்சுமிக்குப் பள்ளிக்கூடம் இல்ல.

— போயிட்டு வா. நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?

— கட்டித்தான் வச்சிருக்கீங்க. இந்த தே ஓ, பாலில்லாத் தேத்தண்ணி, ஆறுது, மொதல்ல இதக் குடிங்க. இந்தாங்க, கையில புடிங்க. நான் சொல்றதக் கேளுங்க. தைப் பொங்கலுக்கு என் மக அழுது அடம்புடிச்சு என் வெள்ளைச் சேலைய மாத்த வச்சா. எத்தனை வருசம்மா இப்படியே இருப்ப, கலர் கட்டுன்னா. அவளுக்காகக் கட்டினேன். கட்டிக்கிட்டு பாசாருக்குள்ள நுழையுறேன், தராசு பாதியில நிக்கிது. கருணாகரன் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. மீன் விக்கிறவ, என்னடி விசேஷம்னு கேட்டா. என் சொந்தக் கொழுந்தன் பல நாள் முகம் குடுத்துப் பேசல. உடம்பெல்லாம் கூசிப் போயி இங்க வந்தேன். நீங்க எப்பவும் போல, வாம்மா, பயத்தங்கா வந்திருக்கு, முறிச்சுப் பாருன்னீங்க. அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்ல, ஒரு பார்வை இல்ல. அன்னிக்குச் சாயந்தரம் உங்க பேரச் சொல்லி சாமிக்கு விளக்கு ஏத்தினேன். அதான் பாய் என்னைக் கட்டி வச்சிருக்கிற கயிறு.

— அது... அதுல என்னம்மா இருக்கு. அவங்கவங்க சேலை அவங்கவங்க இஷ்டம்.

— அப்படிச் சொல்ற ஆளு இந்த ஊர்ல எத்தனை பேரு இருக்காங்க?

— பாய், கேமரன் மலைச் சரக்கு வந்திருச்சு. லோரிய வாசல்லயே போட்டுட்டேன்.

— யாரு, ஜெயபாலனா? லோரிச் சத்தம் மாறியிருக்கே.

— சைலன்சர் புதுசு பாய். தாப்பா ரோட்டுல வண்டிய நிறுத்தி நிறுத்தி சோதனை போட்டானுங்க, அதான் லேட்டு. டவுன்ல விளக்குத் தோரணம் போட்டிருக்கானுங்களே, பாத்தீங்களா? ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜெகஜோதியா இருக்கு.

— தோரணத்தப் பாத்தா எனக்கு வயிறு நெறையுமா? சரக்கக் காட்டு ஜெயபாலா.

— இந்தாங்க, கோஸு.

— ம். கனம் இருக்கு. இலை மொடமொடன்னு இருக்கு. தட்டினா சத்தமும் சுத்தம். எல்லாத்தையும் எறக்கு.

— இது பூக்கோஸ் பாய். இதுலயும் பத்துக் கூடை இருக்கு. பனி மாதிரி வெள்ளை, நீங்களே பாருங்க.

— கெட்டியாத்தான் இருக்கு. வாசமும் கெடல. சரி, எறக்கிரு.

— எங்க, இப்படிக் காட்டு தம்பி. பனி மாதிரி வெள்ளைங்கிற, பூ முழுக்கக் கருப்புப் புள்ளி விழுந்திருக்கே? மழையில நனைஞ்ச பூவு இது. இத நான் கடையில பரப்பினா நாளைக்கு என் தெருப் பொம்பளைங்க திருப்பிக் கொண்டாந்து என் மூஞ்சியிலயே எறிவாங்க.

— அக்கா, நீங்க சில்லறைக்கு எடுக்கிறவங்க. மொத்தமா எடுக்கிற பாயே பாத்து சரின்னுட்டாரு, நீங்க ஏன் நடுவுல?

— இரு ஜெயபாலா. புள்ளியத்தான் நானும் சொல்ல வந்தேன். அதுக்குள்ள பூங்காவனம் முந்திக்கிட்டா. விலையக் கொறைச்சா எறக்கு, இல்லாட்டி அப்படியே திருப்பிக்கிட்டுப் போ.

— சரி பாய், துண்டப் போடுங்க, பேசிக்குவோம்.

— கையக் குடு. ம்... இல்ல, அதுக்கும் கீழ. இன்னும் ஒரு விரல் மடக்கு. ஆங், அதான் ஞாயமான விலை.

— உங்க துண்டுக்குள்ள கைய விட்டு எடுத்தா, அஞ்சு விரலும் இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கணும் போல. நான் போயி கூடைய எறக்குறேன்.

— போ, போ. நிழல்ல எறக்கு... பாத்தியா பூங்காவனம்? அவன் எவ்வளவு கொறைச்சான்னு உனக்குத் தெரியாது, வெளியில நிக்கிறவனுக்கும் தெரியாது. அவன் மானமும் போகல, என் காரியமும் நடந்துச்சு. துண்டுக்குள்ள எல்லாருக்கும் ஒரே இருட்டுதான். பணக்காரன், ஏழை, படிச்சவன், படிக்காதவன், ஒருத்தனுக்கு ஒருத்தன் அங்க எளப்பம் கெடையாது. இத விட்டுட்டு வெளிச்சத்துக்கு வான்னா எப்படி வர்றது?

— நல்ல இருட்டுதான் பாய். ஆனா பொம்பளைங்க நாங்க அந்த இருட்டுக்கு வெளியிலல்ல நிக்கிறோம்.

— வெளியில நின்னா? உனக்கு என்ன கொறை வச்சேன்? சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், நீ சொல்ல வைக்கிற. பலகை மாட்டினா எல்லாருக்கும் ஒரே விலை. துண்டுக்குள்ளதான் ஆளுக்கு ஒரு விலை போடலாம். முடியாதவங்களுக்குக் கொறைச்சுக் குடுத்தா பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது, எனக்கும் குடுன்னு அவன் வந்து நிக்க மாட்டான். மார்கழி மழையில முவார்ப் பக்கம் வெள்ளம் வந்து ரோடு அடைஞ்சுதே, கத்திரிக்கா யானை விலை குதிரை விலை வித்துச்சே, அப்ப உனக்கு என்ன விலை போட்டேன்?

— ஊருக்கு என்ன விலையோ அதான். ஒரு காட்டி எடைக்கு ஒரு வெள்ளி.

— யாரு சொன்னா?

— பொன்னுதுரைதான். வேற யாரு சொல்லுவா? அந்த விலைக்கு எடுத்து விக்க முடியாம அந்த மாசம் பூராவும் பாதிக் கடைதான் விரிச்சேன்.

— ஒரு வெள்ளியா? நான் அவன் கையில அமுக்கினது மூணு விரலும்மா. முப்பது காசு. மழைக்கு முந்தி என்ன விலையோ அதே விலை. ஊருக்கு வேற, உங்க அண்ணிக்கு இதுதான், அவகிட்டச் சொல்லிக்க வேணாம்னு அவன் காதுல வேற சொன்னேன்.

— ...

— பூங்காவனம்? இருக்கியா?

— இருக்கேன் பாய். இங்கதான் நிக்கிறேன்.

— மழைக்கு மட்டுமில்ல. நோன்பு மாசம், தீபாவளிக்கு முந்தின வாரம், விலை ஏறினப்பல்லாம் உனக்கு நான் ஏத்தினதே இல்லம்மா. உன் வீட்டுக்காரரு எனக்கு அவ்வளவு பழக்கம். அப்ப அத்தனையும்...

— அத்தனையும் வழியிலயே நின்னு போச்சு.

— வரட்டும் அந்த பொன்னுதுரை. இன்னிக்கே கேக்குறேன்.

— வேணாம் பாய். அவனுக்கும் வீடு நெறைய புள்ளைங்க. ஊரை விட்டுப் போறவனத் திட்டி அனுப்ப எனக்கு மனசில்ல. அவன் என் முகத்தப் பாக்காமத் திரிஞ்சது சேலைக்காக மட்டும் இல்லன்னு இப்பத்தான் தெரியுது. கண்ணு கலங்குது, ஆனா அது அவனுக்காக இல்ல. இத்தனை வருசமா ஒருத்தரு எனக்குக் குடுத்துக்கிட்டே இருந்திருக்காரு, இன்னிக்குச் சண்டைக்கு வரலன்னா அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். வந்து சேரலன்னா என்ன, நீங்க குடுத்தது குடுத்ததுதான். ரொம்ப நன்றி பாய்.

— நன்றி சொல்லாத. எனக்கு வெக்கமா இருக்கு. துண்டுக்குள்ள தர்மம் பண்றோம்னு பெருமையா நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு.

— நீங்க பண்ணது தர்மம்தான். அதப் பலகை வச்சும் பண்ணலாம். பலகை விலைக்கு நிறுத்துப் போட்டுட்டு, மேல ரெண்டு கை அள்ளிப் போடுங்க. கொசுறுக்கு யாரும் பலகை மாட்டப் போறதில்ல. நேரா என் கூடைக்கே வந்து சேந்துரும்.

— நீ சொல்றது ஞாயம்தான்.

— அப்ப மாட்டிருவோமா?

— பலகை மட்டும் வேணாம்மா.

— சொன்னதெல்லாம் ஞாயம்ங்கிறீங்க, பலகை மட்டும் வேணாம்ங்கிறீங்க. ஏன் பாய்?

— வேணாம்னா விட்டுரு.

— விட்டா நான் கருணாகரன் வாசல்லல்ல போயி நிக்கணும். காரணத்தையாவது சொல்லுங்க.

— பலகைய யாரு எழுதுவா? விடிஞ்சு எழுந்திரிச்சா எதிர்க்கடைக்காரன் என்ன போட்டிருக்கான்னு போயிப் பாத்துட்டு வரணும். அவன் கொறைச்சா நான் கொறைக்கணும், அவன் ஏத்தினா நான் யோசிக்கணும். எனக்கு ஆளு ஏது? மகன் யூசுப் பினாங்கே கதின்னு இருக்கான். என் வீட்டுக்காரி மரியத்துக்கு முட்டி வலி, வாசப்படி எறங்க மாட்டா. கூலிக்கு வர்றவன்கிட்ட விலைய நம்பிக் குடுக்க முடியுமா? பொன்னுதுரைய நம்பிக் குடுத்த லட்சணத்த இப்பத்தானே பாத்தோம்.

— நான் எழுதுறேன்.

— நீயா?

— ஏன், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் படிச்சவதான் நான். கடை விரிக்கிறதுக்கு முந்தி எப்படியும் இந்த வழியாத்தான் வரணும். வரும்போதே கருணாகரன் பலகை, மத்தவங்க பலகை எல்லாத்தையும் பாத்துட்டு வந்து உங்ககிட்டச் சொல்றேன். நீங்க யோசிச்சு விலையச் சொல்லுங்க. எறங்கும் ஏறும்னு உங்களுக்கு இருக்கிற கணக்கு வேற யாருக்கும் கெடையாது, அத என்னால சொல்ல முடியாது. நான் எழுதத்தான் செய்வேன்.

— உனக்கு ஏம்மா இந்த வேலை?

— எனக்குக் காய் வேணும், உங்களுக்குப் பலகை வேணும். அவ்வளவுதான். ஆனா ஒண்ணு பாய், சொல்றேனேன்னு நெனைக்காதீங்க. எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் எழுத வரும். கத்திரிக்கா இன்ன விலை, வெண்டிக்கா இன்ன விலைன்னு ஒவ்வொண்ணா சத்தமாச் சொல்லிக்கிட்டேதான் எழுதுவேன். வெயில் ஏறி விலை மாறினா அதையும் சத்தமாத்தான் மாத்துவேன். லோரியில வந்து எறங்குற சரக்கையும் அப்படித்தான். புள்ளியா, சொத்தையா, பழுப்பா, என் கண்ணுல பட்டத வாய் அதுபாட்டுக்குச் சொல்லிரும். பொம்பளைக்கு வாய் நீளம்னு ஜெயபாலன் ஏசிட்டுப் போகட்டும், போறான். உங்களுக்கு அது தொந்தரவு இல்லையே?

— எதுக்கும்மா சத்தமா?

— பூக்கோஸுல புள்ளின்னு நான் சத்தமாச் சொன்னப்ப எதுக்குன்னு கேட்டீங்களா? அது மாதிரிதான். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வெளியில தெரிஞ்சா மலைலேந்து வர்ற அழுகலையெல்லாம் கொண்டாந்து உங்க தலையில கட்டிருவானுங்க. என் வாயிலேந்து வராது, பாக்கியலட்சுமி மேல சத்தியம்.

— எப்பலேந்தும்மா உனக்குத் தெரியும்?

— போன மாசம் லோரிக்காரன்கிட்ட என்னைக் கை காட்டி, அந்தா நிக்கிற வெள்ளைச் சேலை அம்மாவுக்கு ரெண்டு கூடை எடுத்து வைன்னு சொன்னீங்க. நான் கட்டியிருந்தது கலரு, அவன் முழிச்சான். என்னைத்தான்ப்பா சொல்றாரு, பழைய பேரு போகலன்னு சொல்லிச் சமாளிச்சேன். வீட்டுக்குப் போயி ரொம்ப நேரம் யோசிச்சேன்.

— அப்ப நீ எனக்காக ஏத்தின விளக்கு... அந்த நன்றி எனக்குச் சேராதும்மா. நான் பாத்துட்டுப் பேசாம இருந்தவன் இல்ல.

— எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. அப்புறம் பாத்தா, கண்ணு நல்லா இருந்திருந்தாலும் நீங்க அதையேதான் சொல்லியிருப்பீங்க. வாம்மா, பயத்தங்கா வந்திருக்கு, முறிச்சுப் பாரு. ஏத்தின விளக்க நான் அணைக்கல பாய். இன்னும் எரியுது.

— ...ஞாயித்துக்கிழமை வெள்ளன வந்துருவியா?

— வெண்கட்டியோட வந்துருவேன். துண்டு உங்க தோள்லயே கிடக்கட்டும், வேர்வை தொடைக்க வேணுமே. இப்பக் கோஸத் தூக்கிட்டுக் கெளம்புறேன்.

— பூங்காவனம்.

— சொல்லுங்க பாய்.

— இன்னிக்கு என்ன நிறம்மா கட்டியிருக்க?